ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது: அக்டோபர் 26 எல்.எஸ்.யூ. ஆட்டத்துக்குக் கூட்டிப்போகலாமா?

கேட்டிக்காரன் | 16 அக்டோபர் 2024, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். பெரியவன் டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் இரண்டாம் வருடம் படிக்கிறான். தீபாவளிக்கு முந்தின வார இறுதியில் பாளையங்கோட்டை சித்தப்பாவும் சித்தியும் வருகிறார்கள். டாலஸில் இருக்கும் அவர்கள் மகள், மாப்பிள்ளை, ஆறு வயதுப் பேத்தி எல்லோரும் சேர்ந்து வெள்ளி மாலை வந்து ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம்.

சனிக்கிழமை மாலை 6.30-க்கு அவன் படிக்கும் ஊரான காலேஜ் ஸ்டேஷனில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு (எல்.எஸ்.யூ.) அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். "தாத்தா இவ்வளவு தூரம் வந்துட்டு எங்க ஸ்டேடியம் கைல் ஃபீல்டைப் பார்க்காமப் போகக் கூடாது" என்று பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான். சித்தப்பா உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து மூன்று ஆனாலும் நன்றாக நடப்பார். சித்திக்குத்தான் மூட்டுவலி. அமெரிக்கக் கால்பந்தை இருவரும் பார்த்ததே இல்லை.

வீட்டில் மனைவிக்கு வேறு யோசனை. சனிக்கிழமை பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டு, சாயங்காலம் சித்தியோடு உட்கார்ந்து முறுக்கு சுற்றலாம் என்கிறாள். அதிலும் நியாயம் இருக்கிறது. இருக்கிற இரண்டு நாளில் நடுராத்திரி வரை ஒரு ஸ்டேடியத்தில் உட்கார வைப்பது சரியா? பெரியவர்களைக் கூட்டிப்போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மெரூன் அம்மா | 16 அக்டோபர், இரவு 10.25

தம்பி, கட்டாயம் கூட்டிப்போங்கள். என் இரண்டு பெண்களும் அங்கேதான் படித்தார்கள். என் மாமியாரையே அழைத்துப் போயிருக்கிறோம். ஆனால் டிக்கெட் எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாணவர் பகுதியில் பெரியவர்களுக்கு இடம் வாங்காதீர்கள். அங்கே முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை யாரும் உட்கார மாட்டார்கள், அது அவர்கள் வழக்கம். பையன் நண்பர்களோடு அங்கே நிற்கட்டும். நீங்கள் எதிரே மேற்குப் பக்கம் எடுங்கள். பகல் ஆட்டமானால் நிழல் முதலில் வருவதும் அந்தப் பக்கம்தான். சித்திக்காக லிஃப்டுக்குப் பக்கத்தில், படி அதிகம் ஏறாத வரிசையாகப் பாருங்கள். பணம் கொஞ்சம் கூடத்தான் ஆகும், இருந்தாலும் அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கைப்பை விஷயம் முக்கியம். இந்த அணிகள் ஆடும் எஸ்.இ.சி. லீக் மைதானங்களில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும்தான் விடுவார்கள். ஒரு கேலன் ஜிப்லாக் பை போதும். அது இல்லாவிட்டால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன பர்ஸ். ஊரிலிருந்து வரும் பெண்கள் பாஸ்போர்ட், மாத்திரை, நகை எல்லாவற்றையும் தோள்பையில் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்துவிடுவார்கள். கிளம்பும் முன்பே மாற்றி வையுங்கள்.

சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது. சைவம் என்றால் பாப்கார்ன், பிரெட்ஸல், நாச்சோஸ், அவ்வளவுதான். அதனால் ஆட்டத்துக்கு முன் வெளியே கூடாரம் போட்டுச் சாப்பிடும் டெய்ல்கேட்டிலேயே புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். மடக்கு நாற்காலி மறக்காதீர்கள்.

290 பயணி | 17 அக்டோபர், காலை 7.10

எனக்கு உடன்பாடில்லை, அக்கா. ஒரு லட்சம் பேர் கூட்டம். ஆட்டம் முடிய பத்து மணி ஆகிவிடும். பார்க்கிங்கிலிருந்து வண்டி வெளியே வரவே ஒரு மணி நேரம் பிடிக்கும். அப்புறம் நாவசோட்டா, ஹெம்ஸ்டெட் வழியாகக் கேட்டி வந்து சேர விடிகாலை ஒன்றரை, இரண்டு. மறுநாள் கோயில், மாலையில் டாலஸுக்கு நாலு மணி நேரக் கார்ப் பயணம். விமானத்தில் வந்த அசதி தீராதவர்களுக்கு இது பெரிய சோதனை.

என் அம்மாவை இப்படி ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். சத்தத்தில் தலைவலி வந்து இரண்டாம் கால் பகுதியிலேயே கிளம்பிவிட்டோம். வீட்டில் டிவி போட்டு, எல்லோரும் சேர்ந்து பார்த்தால் பேசிக்கொண்டே இருக்கலாம். சித்தப்பா வருவது உங்களைப் பார்க்கத்தானே?

மெரூன் அம்மா | 17 அக்டோபர், காலை 8.02

ராத்திரியே திரும்ப வேண்டும் என்று யார் சொன்னது? அங்கேயே தங்கட்டும். ஆட்ட வார இறுதியில் ஹோட்டல்காரர்கள் இரண்டு இரவு சேர்த்துத்தான் கொடுப்பார்கள், விலையும் ஏறியிருக்கும். பத்து நாளில் அறை கிடைப்பது கஷ்டம்தான். பையனின் நண்பர்கள் யாராவது ஊருக்குப் போவதாக இருந்தால் அவர்கள் அபார்ட்மெண்டைக் கேளுங்கள்.

சத்தத்துக்கு ஒரு வழி உண்டு. குழந்தைக்குக் காதை மூடும் ஹெட்ஃபோன், பெரியவர்களுக்கு மருந்துக் கடையில் விற்கும் காதடைப்பான். 2015-இல் கட்டி முடித்த புது மேற்கூரை சத்தத்தை அப்படியே உள்ளே திருப்பிவிடும். இது தெரிந்துதான் கட்டினார்கள்.

ஆஸ்டின் டாக்டர் | 17 அக்டோபர், மதியம் 12.30

நான் சொல்வது அந்த வார இறுதியைக் கெடுப்பதற்காக அல்ல. ஆறு வயதுக் குழந்தையும் வருகிறது என்பதால் எழுதுகிறேன். பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஆட்டத்தைக் கல்லூரி அளவு வரை ஆடிய 53 பேரின் மூளையைப் பரிசோதித்து, 48 பேரிடம் தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் நாள்பட்ட மூளைச் சிதைவைக் கண்டார்கள். அந்த மூளைகளைத் தானமாகக் கொடுத்தவை பெரும்பாலும் அறிகுறிகளை ஏற்கெனவே பார்த்த குடும்பங்கள். ஆகவே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் லேசாகத் தள்ளிவிடும் எண்ணிக்கை அல்ல. இந்த விளையாட்டைக் கொண்டாடும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பணம். போன நவம்பரில் அதே பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். ஆடுகிற பையன்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்ததே 2021-இல்தான். இதில் எனக்கு உண்மையாகவே மனசு ஒட்டவில்லை.

பேண்டு ரசிகன் | 17 அக்டோபர், இரவு 11.15

டாக்டர் சொன்ன இரண்டையும் மறுக்க மாட்டேன். தலையால் மோதினால் ஆட்டக்காரரை வெளியேற்றும் விதி 2013-இல் வந்தது. அன்றைக்கும் அப்படி ஒரு முடிவு வந்தால் குழந்தைக்கு அந்த இடத்திலேயே எடுத்துச் சொல்லலாம்.

நான் அங்கே முதுகலை படித்தவன். மதுரையிலிருந்து வந்தவனுக்கு முதல் ஆட்டத்தில் பந்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆனால் மற்றதெல்லாம் புரிந்தது. கேட்டிக்காரன் அண்ணாவுக்கு என் யோசனை இதுதான்: சித்தப்பாவை ஆட்டத்துக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள், அந்த ஊருக்குக் கூட்டிப்போங்கள். ஆட்டம் அதில் ஒரு பகுதியாக இருக்கட்டும்.

வெள்ளி நள்ளிரவு 12 மணிக்கு அதே மைதானத்தில் மிட்நைட் யெல். டிக்கெட் தேவையில்லை. சியர்லீடர்களுக்குப் பதில் ஐந்து யெல் லீடர்கள் நின்று கையால் சைகை காட்ட, ஆயிரக்கணக்கானவர்கள் இடுப்பை வளைத்துக் குனிந்து ஒரே குரலில் முழங்குவார்கள். பெரியவர்களுக்கு முடியாவிட்டால் இளையவர்கள் மட்டும் போய் வரலாம்.

சனிக்கிழமை காலை புஷ் நூலகம். மூத்த ஜார்ஜ் புஷ் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 2018 டிசம்பரில் அவர் உடலைக் கொண்டுவந்த 4141 என்ற ரயில் என்ஜினையும் இந்த வருடம் அங்கே பார்வைக்கு வைத்துவிட்டார்கள். அடுத்து மெமோரியல் ஸ்டூடண்ட் சென்டர். போர்களில் இறந்த மாணவர்களின் நினைவாக எழுப்பிய கட்டடம். உள்ளே நுழையும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும், சுற்றியுள்ள புல்லில் யாரும் கால் வைப்பதில்லை. சித்தப்பாவிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். வேறு யாராவது வந்து சொல்லும்படி ஆகக் கூடாது.

பன்னிரண்டாவது ஆள் கதையும் அவருக்குப் பிடிக்கும். 1922 ஜனவரியில் டாலஸில் சென்டர் காலேஜோடு ஆட்டம். காயத்தால் ஆட்கள் குறைந்துகொண்டே போக, மேலே செய்தியாளர் பகுதியில் இருந்த ஈ. கிங் கில் என்ற மாணவரைக் கூப்பிட்டு உடுப்பு மாட்டச் சொன்னார்கள். கடைசி வரை அவரை இறக்க வேண்டிய தேவை வரவில்லை. ஆனால் ஆட்டம் முடிகிறவரை தயாராக நின்றுகொண்டே இருந்தார். இன்றைக்கும் மாணவர்கள் உட்காராமல் நிற்பது அதனால்தான். ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேரும் ஒரு பையனுக்கு 12-ஆம் எண் சட்டை கொடுக்கிறார்கள்.

விதிகளைப் பொறுத்தவரை, வகுப்பு எடுக்காதீர்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: நாலு வாய்ப்பில் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன், 6 புள்ளி, கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. கபடி தெரிந்தவருக்கு இது பிடிபட்டுவிடும். கோடு, மூச்சு, பிடி, எல்லாம் இருக்கிறது.

இடைவேளையில் பசித்தாலும் எழுந்து போகாதீர்கள். பேண்டு வாத்தியக் குழுவுக்காகவே அங்கே ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

நெல்லை மீனா | 18 அக்டோபர், காலை 6.50

பல்கலைக்கழகத்தின் போர்ப்பாட்டு வரும்போது பக்கத்தில் இருப்பவர் தோளில் கை போட்டு எல்லோரும் இடமும் வலமுமாக ஆடுவார்கள். மேல்தளம் உண்மையாகவே அசையும். என் அத்தை நிலநடுக்கம் என்று பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முன்னாடியே சொல்லி வையுங்கள், பயப்பட ஒன்றுமில்லை.

டச்டவுன் விழுந்ததும் ஜோடிகள் முத்தம் கொடுத்துக்கொள்வதும் அங்கே வழக்கம். பெரியவர்கள் முன்னால் பிள்ளைகள் நெளிவார்கள். நாம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

கேட்டிக்காரன் | 19 அக்டோபர், மாலை 4.15

எல்லோருக்கும் நன்றி. நேற்று சித்தப்பாவையே போனில் கேட்டுவிட்டேன். "பையன் ஆசையா கூப்பிடுறான், நான் வாத்தியாரா இருந்தவன், மைதானத்துக்குக் கூப்பிட்டு வராம இருப்பேனா?" என்றார். சித்தியும் சரி என்றுவிட்டார்.

முடிவு இப்படி: வெள்ளி மாலை கேட்டியில் வீட்டுச் சாப்பாடு. முறுக்கும் அன்றைக்கே. சனி காலை கிளம்பி புஷ் நூலகம், கேம்பஸ், டெய்ல்கேட், ஆட்டம். பையனின் நண்பன் ஒருவன் அபார்ட்மெண்டைத் தருகிறான், ராத்திரி அங்கே. ஞாயிறு நேராக மீனாட்சி கோயில். மேற்குப் பக்கம் கீழ்தளத்தில் ஏழு டிக்கெட். 290 பயணி சொன்னதால் ராத்திரிப் பயணத்தைத் தவிர்த்துவிட்டோம். அந்த எச்சரிக்கைக்குத் தனியாக நன்றி.

கேட்டிக்காரன் | 28 அக்டோபர், இரவு 9.05

போய் வந்தோம். எழுத நிறைய இருக்கிறது.

வெள்ளி இரவு சித்தி தேன்குழல் அச்சைக் கையில் எடுத்தவர் பதினொரு மணி வரை விடவில்லை. அதில் ஒரு டப்பா டெய்ல்கேட்டுக்குப் போனது. பக்கத்துக் கூடாரத்தில் லூசியானாவிலிருந்து வந்த எல்.எஸ்.யூ. குடும்பம். அவர்கள் பெரிய பானையில் கம்போ என்ற தங்கள் ஊர்க் குழம்பு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார், சித்தி பதிலுக்கு முறுக்கு கொடுத்தார். எதிரணிக்காரர்கள் என்று யாரும் முகம் திருப்பவில்லை. அந்த வீட்டுப் பாட்டியும் சித்தியும் மொழி தெரியாமலேயே மூட்டுவலி பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். எந்தத் தைலம் என்பதுவரை விசாரணை போனது.

காலையில் போன்ஃபயர் நினைவிடத்துக்கும் போயிருந்தோம். இங்கே யாரும் குறிப்பிடாததால் சொல்கிறேன். 1999 நவம்பர் 18 விடிகாலையில், ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஆட்டத்துக்காகக் கொளுத்த மாணவர்கள் அடுக்கிய மரக்கட்டை அடுக்கு சரிந்து 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். அதே இடத்தில் வட்டமாக 12 வாசல்கள். ஒவ்வொன்றும் இறந்தவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. சித்தப்பா ஒவ்வொரு வாசலாக நுழைந்து பெயரையும் வயதையும் படித்தார். "எல்லாம் நம்ம பசங்க வயசு" என்றார். அப்புறம் பையனிடம், இப்போது அந்த அடுக்கு கட்டுவதில்லையே என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். கேம்பஸுக்குள் கட்டுவதில்லை என்றான்.

இனி ஆட்டம். இரண்டு அணியும் எஸ்.இ.சி.யில் அதுவரை தோற்காதவை, அதனால் கூட்டம் முதலிலிருந்தே எரிகிறது. ஆட்டம் தொடங்கப் பந்தை உதைக்கும்போது எல்லோரும் வெள்ளைத் துண்டைச் சுழற்றினார்கள். பையன் தாத்தாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். சித்தப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டார். சுழற்ற வேண்டிய நேரத்தில் மட்டும் எடுத்துச் சுழற்றினார்.

முதல் பாதியில் நம் அணிக்கு ஒன்றும் சரியாக அமையவில்லை. இடைவேளையில் 17-க்கு 7 என்று எல்.எஸ்.யூ. முன்னிலை. சித்தப்பா புலம்பவே இல்லை. பேண்டு ரசிகன் சொன்ன ஒரே விதியை மட்டும் சொல்லியிருந்தேன். அவரோ பந்தை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் குந்தியிருக்கும் ஐந்து பேரைக் காட்டினார். "அந்த ஓரத்துல இருக்கவன் காலைப் பாரு. ஓட்டம்னா எடை முழுக்க முன்கையில, விரல் தரையில அழுந்தி நகம் வெளுக்குது. வீச்சுன்னா பின்னங்கால்ல உட்கார்ந்துக்கறான். பந்து கிளம்பறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்." பைனாகுலரை வாங்கி நானும் பார்த்தேன். அதன் பிறகு ஓட்டமா வீச்சா என்று அவர் முன்கூட்டியே சொல்லச் சொல்ல, பெரும்பாலும் அப்படியே நடந்தது. முன்வரிசையில் இருந்த மெரூன் சட்டைப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, இவர் எங்கே பயிற்சியாளராக இருந்தார் என்று கேட்டார். பாளையங்கோட்டை என்றேன்.

இடைவேளையில் பேண்டு. ராணுவ உடுப்பில் நாலு பக்கமிருந்தும் வரிசை வரிசையாக வந்து ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளியேறுகிறார்கள். ஒருவர் தோள்கூட இன்னொருவர் மேல் படவில்லை. குடியரசு தின அணிவகுப்புக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவர் என்பதால் சித்தப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

மூன்றாம் பகுதியில் குவார்ட்டர்பேக்கை மாற்றினார்கள். மார்செல் ரீட் என்ற பையன் உள்ளே வந்ததும் பந்தைத் தானே எடுத்துக்கொண்டு ஓடிக் கோட்டைத் தாண்டினான். அதிலிருந்து ஆட்டமே மாறிவிட்டது. அன்றைக்கு அவன் மட்டும் மூன்று முறை ஓடி டச்டவுன் போட்டான். தடுப்பு அணி இரண்டாம் பாதியில் மூன்று முறை எதிரணி வீசிய பந்தைப் பறித்தது. 38-23 என்று ஜெயித்தோம். ஸ்டேடியம் ஆடியது உண்மை, மீனா. பேத்தி முழுச் சத்தத்திலும் ஹெட்ஃபோனோடு மாப்பிள்ளை மடியில் தூங்கிவிட்டாள்.

ஆட்டம் முடிந்து பையன் தன் பக்கத்திலிருந்து ஓடி வந்து தாத்தாவைக் கட்டிக்கொண்டான். விடுதியில் சேர்த்த நாளிலிருந்து என்னிடம் அவன் சொல்லாத விஷயங்களை எல்லாம் அன்றைக்கு நடந்துகொண்டே அவரிடம் சொன்னான். எந்தப் பாடம் கஷ்டம், யாரோடு சண்டை, வேலைக்குப் போவதா மேலே படிப்பதா என்று. நானும் மனைவியும் கொஞ்சம் பின்தங்கியே நடந்தோம். எனக்கு இந்த வார இறுதியின் பெரிய வரவு அதுதான்.

ஞாயிறு மீனாட்சி கோயிலுக்குப் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சித்தி நின்று நிதானமாகக் கும்பிட்டார். மனைவிக்கும் திருப்தி.

ஆஸ்டின் டாக்டர் | 28 அக்டோபர், இரவு 10.10

படித்து மகிழ்ந்தேன். சித்தப்பா கவனித்த அந்த ஐந்து பேர்தான் ஒவ்வொரு முறையும் தலையும் தோளுமாக மோதுகிறவர்கள். சின்னச் சின்ன அடிகள் சேருவதும் அவர்களுக்குத்தான் அதிகம். அவர்களைக் கவனித்துப் பார்ப்பவர் ஒருவர் அங்கே இருந்தார் என்பது எனக்கு நிறைவாக இருக்கிறது. என் கவலை அப்படியே இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு வார இறுதியை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

290 பயணி | 29 அக்டோபர், காலை 7.20

தங்கிவிட்டுத் திரும்பியது நல்ல முடிவு. அம்மா ஜனவரியில் மறுபடி வருகிறார்கள். அடுத்த சீசனுக்கும் இருந்தால் மேற்குப் பக்கம், காதடைப்பானோடு ஒரு தரம் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

ஒரு கேள்வி. நவம்பர் 30 டெக்சஸ் ஆட்டத்துக்கு யாராவது டிக்கெட் பார்த்தீர்களா? தேங்ஸ்கிவிங்குக்கு மைத்துனர் குடும்பம் வருகிறது.

மெரூன் அம்மா | 29 அக்டோபர், காலை 8.45

அதை மறந்துவிடுங்கள், தம்பி. 1894-இல் தொடங்கிய போட்டி, 2011-க்குப் பிறகு நின்றுபோய் இந்த வருடம்தான் மறுபடி வருகிறது. உச்சித் தளத்தில்கூட ஒரு டிக்கெட் பல நூறு டாலர். குடும்பத்தோடு போக நினைத்தால் கட்டாது. எங்கள் வீட்டுக்கு வாருங்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள், ஆஸ்டினில் படிப்பவர்களுக்கும் இடம் உண்டு. கேட்டிக்காரன் தம்பி, சித்தப்பா அதுவரை டாலஸில் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள்.

290 பயணி | 29 அக்டோபர், காலை 9.00

வருகிறோம் அக்கா. என்னிடம் ப்ரொஜெக்டர் இருக்கிறது, கராஜ் சுவரில் போட்டுவிடலாம். பிரியாணி நாங்கள். சைவத்துக்கு யார்?

நெல்லை மீனா | 29 அக்டோபர், காலை 9.12

சைவம் நான். சொதியும் இஞ்சித் துவையலும். எத்தனை பேர் என்று இருபதாம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள், தேங்காய் வாங்க வேண்டும்.